மண்புழுவின் உழைப்பை அளந்த டார்வின்

போன மாதம் யூனியன் வேலையாகப் பினாங்குக்குப் போயிருந்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பூ வாங்க நின்றேன். பூக்கார அம்மா துளசித் தொட்டியில் கறுப்பாக ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். நாக்குப்பூச்சி எருவாம்! பக்கத்தில் நின்ற பையன் முகத்தைச் சுளித்தான்.

முகம் சுளிக்காமல் நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பூச்சியைக் கவனித்த ஒரு பெரியவர் இருந்தார். அவர்தான் சார்லஸ் டார்வின்.

1809-இல் இங்கிலாந்தில் ஒரு டாக்டருக்கு மகனாகப் பிறந்தார். டாக்டர் படிப்பில் மனம் ஒட்டவில்லை, பாதியில் விட்டார். 1831-இல் பீகிள் என்ற கப்பலில் ஏறி ஐந்து வருஷம் உலகைச் சுற்றினார். திரும்பி வந்ததும் மாமா தம் வயலைக் காட்டினார். வருஷங்களுக்கு முன் மேலே கொட்டிய சுண்ணாம்பும் கரியும் மண்ணுக்குள்ளே போயிருந்தன. புதைத்தது யார்? மண்புழுதான் என்பது மாமாவின் எண்ணம். டார்வின் அதை 1837-இல் அறிஞர் சபையில் சொன்னார்.

இத்தனை சின்னப் புழு அவ்வளவு வேலை செய்யுமா என்று பின்னாளில் சிலர் மறுத்தார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. 1842-இல் டவுன் என்ற ஊரில் குடியேறினார். பெயர்தான் டவுன், உண்மையில் கிராமம். அங்கே வயலில் சுண்ணக்கட்டிகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். எத்தனை நாள்? 29 வருஷம்! 1871-இல் தோண்டினால், கட்டிகள் ஏழு அங்குல ஆழத்தில் கிடந்தன.

வீட்டிலும் தொட்டிகளில் புழு வளர்த்தார். மனைவி பியானோ வாசித்தார், மகன் குழல் ஊதினார். புழுவுக்குக் காது கேட்கவில்லை. ஆனால் தொட்டியைப் பியானோ மேலேயே வைத்ததும், அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடிவிட்டது.

நம் நீலகிரி மலையிலிருந்தும் புழு எச்சக் கட்டிகள் அவருக்குப் போயின. கல்கத்தா தாவரத் தோட்டத்து டாக்டர் கிங் அனுப்பினார். ஒரு கட்டி 100 கிராமுக்கு மேல் இருந்ததாம். இங்கிலாந்தில் பல இடங்களில் ஓர் ஏக்கரில் வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழு வயிற்றின் வழியே மேலே வருகிறது என்று கணக்கிட்டார். 1881-இல் அதைப் புத்தகமாக்கினார்; அதுவே கடைசிப் புத்தகம். மறு வருஷம் ஏப்ரலில் காலமானார்.

தோழர்களே, மண்ணுக்கடியில் உழைப்பவனின் பெயர் எந்தச் செக்ரோலிலும் ஏறுவதில்லை. அந்த உழைப்பை அளந்து காட்டியவர் டார்வின். அளந்தபிறகுதானே உலகம் நம்பியது? நம் கூலிக்கணக்கும் அப்படித்தான்.

உர மூட்டை விற்கிற விலையில், வீட்டுக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதைச் செய்து பாருங்கள். ஓட்டை போட்ட பழைய வாளியில் தேங்காய் நாரைப் பரப்பி, மக்கிய சாணமும் காய்கறித் தோலும் போடுங்கள். சாணக் குப்பையில் நெளிகிற சின்னச் சிவப்புப் புழுவை விடுங்கள். ஆழத்து மண்புழு வாளியில் தங்காது. நிழலும் ஈரமும் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. உப்பு, எண்ணெய், மீன் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் தேயிலைத்தூள் மாதிரி எரு கிடைக்கும். செடிக்கு ஒரு கைப்பிடி போதும்.