குளிர்காற்றிலிருந்து சூடு எடுக்கலாமா? வழி சொன்னவர் கெல்வின்!

உங்கள் வீட்டு ஏர்கானின் வெளிப்புறப் பெட்டி அருகே நின்றதுண்டா? சூடான காற்று முகத்தில் அடிக்கும். அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளிய சூடு அது.

அதே வேலையைத் திருப்பிச் செய்தால்? வெளியே உள்ள குளிர்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவரலாம். அதுதான் ஹீட் பம்ப். பிரிட்டனில் படிக்கப் போகிறவர்கள் தங்கும் வீட்டில் அது இருக்கலாம்.

வீட்டை இப்படிச் சூடாக்கலாம்னு 1852இல் விளக்கி எழுதியவர் வில்லியம் தாம்சன். லார்ட் கெல்வின்னு சொன்னால் சட்டெனப் புரியும். இயற்பியல் பாடத்தில் வரும் வெப்பநிலை அலகு அவர் பெயரில்தான் இருக்கிறது.

10 வயதில் பல்கலைக்கழகம்

கெல்வின் 1824இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தார். 6 வயதில் அம்மாவை இழந்தார். கணிதம் கற்பித்த அப்பாவுக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. குடும்பம் ஸ்காட்லந்துக்கு மாறியது.

10 வயதில் அங்கு மாணவர். 22 வயதில் அங்கேயே பேராசிரியர்!

நடுவில் 1845இல் பாரிஸ் போனார். வெப்ப இயந்திரங்கள் பற்றி சாடி கார்னோ எழுதிய சிறு புத்தகத்தைக் கடை கடையாகத் தேடினார். கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. அதன் கருத்தை வேறொரு கட்டுரை வழியாகப் படித்துக்கொண்டார். 1848இல் தன் வெப்பநிலை அளவுமுறையை முன்வைத்தார்.

திருப்பி ஓட்டினால்?

நீராவி இயந்திரத்தில் சூடு வெப்பமான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகிறது. போகிற வழியில் நமக்கு வேலை செய்து தருகிறது.

கெல்வின் அதைத் தலைகீழாக்கினார். நாம் வேலை கொடுத்தால், சூடு குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான இடத்துக்கு வரும். எரிபொருளை எரித்துச் சூட்டை உண்டாக்குவதைவிட, இருக்கும் சூட்டை இடம் மாற்றுவது மிச்சம்.

ஆனால் அவர் காலத்தில் அது வீடுகளுக்கு வரவே இல்லை. கரி அடுப்பே போதும்னு இருந்தார்கள். அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிப் பணிக்காக அவருக்கு 1866இல் சர் பட்டம் கிடைத்தது. 1892இல் லார்ட் ஆனார். பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே எடுத்துக்கொண்டார்.

1907இல் ஸ்காட்லந்தில் தன் வீட்டு நடைக்கூடத்தில் ஆய்வு செய்தபோது அவரைக் குளிர் தாக்கியது. நோயுற்று டிசம்பர் 17இல் காலமானார். வயது 83. வீட்டைச் சூடாக்க வழி சொன்னவர், வீட்டுக் குளிரில் விழுந்தார்.

1938இல் சுவிட்சர்லந்தின் சூரிச் நகரமன்றக் கட்டடம் ஆற்று நீரிலிருந்து ஹீட் பம்ப் மூலம் சூடு எடுத்தது. கெல்வின் எழுதி 86 ஆண்டு கழித்து!

குளிர்காலத்துக்குமுன் என்ன செய்யணும்?

கெல்வினின் கணக்கு ஒன்றை மனத்தில் வையுங்கள். வெளியே உள்ள குளிருக்கும் உள்ளே தரும் சூட்டுக்கும் இடைவெளி கூடினால் மின்சாரமும் கூடும். இயந்திரத்தைச் சிரமப்படுத்தாமல் இருப்பதுதான் தயாரிப்பே.

• இலையுதிர்காலத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழுது இருந்தால் உறைபனிக்குமுன் தெரிந்துவிடும்.

• வெளிப்புறப் பெட்டியைச் சுற்றியுள்ள இலை, குப்பையை அகற்றுங்கள். காற்று தாராளமாகப் போய்வர வேண்டும்.

• உள்ளே காற்று வீசும் வகை என்றால் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

• தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டருக்கு அனுப்பும் வகை என்றால் அந்தத் தண்ணீர் மிதமான சூட்டில் இருந்தாலே போதும். அடிக்கடி அணைத்துப் போடாமல் சீராக ஓடவிடுங்கள்.

• குளிர்காலத்தில் வெளிப்பெட்டியில் லேசாகப் பனி படிந்தால் பயப்படாதீங்க. இயந்திரமே அதை உருக்கிக்கொள்ளும். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

• ஆண்டுக்கு ஒருமுறை தொழில்நுட்பரைக் கூப்பிட்டுச் சரிபாருங்கள். வாயுக் குழாயில் நீங்களே கை வைக்காதீங்க.

ஊரிலேயே இருக்கிறீர்களா? உங்கள் ஏர்கானுக்கும் இதே கணக்குதான். 18 டிகிரியை 25 ஆக்குங்கள். இடைவெளி குறையும், மின்கட்டணமும் குறையும்!