கடலையும் வானையும் அளந்த எட்மண்ட் ஹாலி

உலகிற் பெரியோர் சிலர் தம் உழைப்பின் பயனைத் தம் வாழ்நாளிலேயே கண்டு மகிழ்ந்தனர். வேறு சிலரோ, தாம் நட்ட மரத்தின் கனியைத் தாம் உண்ணப் போவதில்லை என்பதை நன்கறிந்தும், பின்வருவோர் பொருட்டு அதனை நட்டு நீர் வார்த்துச் சென்றனர். இவ்விரண்டாம் வகையினருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கில அறிஞராவர். அவர் பெயரைக் கேட்டவுடன் வால்மீன் ஒன்றே நம் நினைவிற்கு வருகின்றது. ஆயின் அது அவர்தம் உழைப்பில் ஒரு கூறேயாம். கடற்காற்றின் போக்கு, கடல்நீரின் உவர்ப்பு, காந்த ஊசியின் சாய்வு, விண்மீன்களின் இருப்பிடம், திங்களின் நடை ஆகிய இவற்றையெல்லாம் அறுபது ஆண்டுகளாக அளந்தும் திரட்டியும் குறித்து வைத்த அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ஹாலி 1656-ஆம் ஆண்டில் லண்டன் நகரை அடுத்த ஹாகர்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் சவர்க்காரம் செய்து விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய வணிகர். செயின்ட் பால் பள்ளியிற் பயின்றபின், 1673-இல் ஹாலி ஆக்ஸ்போர்டிலுள்ள குவீன்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்தில் கிரீன்விச் வான ஆய்வு நிலையத்தில் பிளாம்ஸ்டீட் என்பார் வடவானத்து மீன்களை அளந்து வந்தார். தென்வானத்தை அங்ஙனம் தொலைநோக்கி கொண்டு அளந்தார் ஒருவருமிலர். இக்குறையைத் தாமே தீர்க்கத் துணிந்த ஹாலி, பட்டம் பெறுவதற்கு முன்னரே கல்லூரியை விட்டு, இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆதரவோடு, 1676-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மரக்கலம் ஒன்றில் ஏறி, தென் அட்லாண்டிக் கடலின் நடுவேயுள்ள செயின்ட் ஹெலினா தீவை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. அத்தீவிலோ மேகமும் மழையும் மிகுதி. வானம் வெளுத்த சிற்சில நாழிகைகளையும் வீணாக்காது அவர் விழித்திருந்து 341 விண்மீன்களின் இடங்களை வரையறுத்தார். 1678-இல் அவர் தாயகம் திரும்பியபோது மன்னர் ஆணையால் பட்டமும், ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் சங்கத்தின் உறுப்பினர் பதவியும் அவரைத் தேடி வந்தன.

விண்மீன்களை அளக்கச் சென்ற அப்பயணமே கடலின்பாலும் அவர் கருத்தை ஈர்த்தது. வெப்ப மண்டலக் கடல்களில் எத்திசைக் காற்று எப்பருவத்தில் வீசுகின்றது என்பதைத் தாம் கண்டவற்றாலும், பல்லாண்டு கடலோடிய மீகாமர் வாயிலாகக் கேட்டவற்றாலும் தொகுத்து, 1686-இல் ஒரு படமாக வெளியிட்டார். அட்லாண்டிக் கடலின் நிலைக்காற்றுக்களும், நம் நாட்டிற்கு மழை கொணரும் இந்து மாக்கடலின் பருவக்காற்றுக்களும் அப்படத்திற் சிறுசிறு கோடுகளாற் காட்டப்பெற்றன. காற்றுக்குக் காரணம் ஞாயிற்றின் வெப்பமே என அவர் கூறியது பெரிதும் பொருந்தும். காற்றின் திசைக்கு அவர் கூறிய காரணமோ பொருந்தவில்லை. அதனை 1735-இல் ஹாட்லி என்பார் பூமியின் சுழற்சியைக் கொண்டு திருத்தினார். எனினும் காரணம் மாறிய பின்னரும் படம் நின்றது என்பதை நாம் உய்த்துணர்தல் வேண்டும். அளந்தறிந்த செய்தி, அதனை விளக்க எழுந்த கொள்கையினும் நீண்ட ஆயுள் உடையது.

கடல்நீர் ஆவியாவதையும் அவர் அளக்க முற்பட்டார். உப்பு நீர் நிறைந்த பாத்திரமொன்றைத் தராசில் தொங்கவிட்டு, கோடைக் காற்றின் அளவிற்கு அதனை வெதுப்பி, எடை எவ்வளவு குறைகின்றதென நோக்கினார். அதனைக் கொண்டு, மத்தியதரைக் கடலிலிருந்து கோடை நாளொன்றில் 528 கோடி டன் நீர் ஆவியாகின்றதென்றும், அதில் விழும் ஆறுகள் கொணர்வது இதனினும் மிகக் குறைவென்றும் கணக்கிட்டார். கடல் ஆவியே மலைகளில் குளிர்ந்து மழையும் ஊற்றும் ஆறுமாகி மீண்டும் கடலை அடைகின்றது என்னும் உண்மைக்கு இங்ஙனம் ஓர் எண் வடிவம் கிடைத்தது.

நியூட்டன் எழுதிய பிரின்சிபியா என்னும் பெருநூல் 1687-இல் வெளிவந்ததற்கும் இவரே காரணர். எழுதுமாறு தூண்டியவரும், அச்சுப்பிழை பார்த்தவரும், தம் கைப்பொருளைச் செலவிட்டு அச்சேற்றியவரும் ஹாலியே. ராயல் சொசைட்டியோ மீன்களைப் பற்றிய நூலொன்றை அச்சிட்டுப் பொருளிழந்து நின்றமையால், ஹாலியின் ஊதியத்திற்கு ஈடாக விலைபோகாத அம்மீன் நூலின் படிகளையே கொடுத்தது!

நிற்க, அக்கால மாலுமிகளை வருத்திய பெருங்குறை ஒன்றுண்டு. நடுக்கடலில் தாம் கிழக்கு மேற்காக எவ்விடத்தில் இருக்கின்றனர் என்பதை அவர் அறியார். காந்த ஊசி நேர் வடக்கைக் காட்டாது இடந்தோறும் வெவ்வேறளவு சாய்கின்றது. அச்சாய்வை எங்கும் அளந்து வைத்தால் அதனைக் கொண்டே இடத்தை அறியலாம் என ஹாலி எண்ணினார். 52 அடி நீளமே உள்ள பாரமோர் என்னும் சிறு மரக்கலத்தை அரசாங்கம் அவரிடம் ஒப்புவித்தது. கடற்படையில் வளராத அறிஞர் ஒருவர் தலைவராயினமை பொறாத துணையதிகாரி கீழ்ப்படியாமையால், 1698-இல் தொடங்கிய முதற் பயணம் இடையில் நின்றது. எனினும் ஹாலி தளராது, 1699-இல் மீண்டும் புறப்பட்டார். புறப்பட்ட சிறிது காலத்திற்குள் கப்பற் சிறுவன் ஒருவன் அலையில் விழுந்து இறந்தான். அத்துயர் ஹாலியின் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை என்பர். 1700-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தென் அகலாங்கு 52 பாகைக்கும் அப்பாற் சென்று, மலை போன்ற பனிப்பாறைகளிடையே மூடுபனியிற் சிக்கி, அரிதின் உயிர் தப்பினார். அத்தகைய இடரிலும் ஊசியின் சாய்வைக் குறித்தலை அவர் கைவிட்டாரல்லர். 1701-இல் வெளிவந்த அவர்தம் படத்தில், ஒத்த சாய்வுடைய இடங்களெல்லாம் வளைகோடுகளால் இணைக்கப்பெற்றிருந்தன. இன்று வானிலைப் படங்களில் ஒத்த அழுத்தத்தைக் காட்டும் கோடுகள் அம்முறையின் வழித்தோன்றல்களே.

இத்தகையாருக்கும் இழுக்கு வந்தது. 1691-இல் ஆக்ஸ்போர்டில் வானநூற் பேராசிரியர் பதவியை அவர் நாடியபோது, அவர் கிறிஸ்து சமயக் கோட்பாடுகளில் உறுதியற்றவர், உலகம் தொடக்கமற்றது எனக் கருதுபவர் என்னும் ஐயம் எழுந்தது. பதவி பிறர்க்குச் சென்றது. 1704-இல்தான் அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். ஆயின் உலகின் வயதைப் பற்றி அவர் வாதுக்கு நின்றாரல்லர். அளக்க வழி தேடினார். ஆறுகள் கொணரும் உப்பால் கடலின் உவர்ப்பு ஆண்டுதோறும் மிகுமாயின், அம்மிகுதியைக் கொண்டு உலகின் வயதைக் கணக்கிடலாம் என 1715-இல் எழுதினார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் தம் காலத்து உவர்ப்பை அளந்து வைத்திலரே என வருந்தி, நாமேனும் இன்றே அளந்து வருங்காலத்தார்க்கு வைத்துச் செல்வோம் என அறிஞரை வேண்டினார். உலகம் தொடக்கமுடையது என்பதும், ஆனால் பலர் நினைப்பதினும் பழமையானதாகலாம் என்பதும் அவர் துணிபு. கடலின் உப்பு பிற வழிகளில் நீங்குவதுமுண்டு ஆதலின் அம்முறை பயன் தரவில்லை. எனினும் அவர் வேண்டுகோள் இறந்துபடவில்லை.

முன்னோர் அளவை எத்துணைப் பயன் தரும் என்பதற்கு அவரே சான்று காட்டினார். கிரேக்கர் குறித்த விண்மீன் இடங்களைத் தம் காலத்து இடங்களோடு ஒப்பிட்டு, நிலைத்தவை எனப்பட்ட மீன்களுட் சில இடம் பெயர்ந்துள்ளன என்பதை 1718-இல் அறிவித்தார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய வால்மீன்கள் மூன்றும் ஒன்றே என 1705-இல் துணிந்து, அது 1758-இல் மீளும் என்றார். அவ்வாண்டு வரை அவர் வாழ்ந்திருப்பின் வயது நூற்றிரண்டாகும். வெள்ளிக் கோள் 1761-இல் ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும்போது பல நாட்டிலிருந்து நோக்கினால் ஞாயிற்றின் தொலைவை அளக்கலாம் என 1716-இல் வழி வகுத்தார். அதனைத் தாம் காணப்போவதில்லை என்பதையும் அறிவார்.

அவர்பாற் குற்றமே இல்லை என்பதற்கில்லை. பிளாம்ஸ்டீட் பல்லாண்டு இராவிழித்துத் திரட்டிய அளவைகளை, 1712-இல், அவர் இசைவின்றி அச்சிற் பதிப்பித்தவர் ஹாலியே. மனம் வெதும்பிய பிளாம்ஸ்டீட் அப்படிகளுள் 300-ஐப் பெற்று, அவற்றின் பெரும் பகுதியைத் தீக்கிரையாக்கினார். பொதுநலம் கருதிச் செய்யினும், பிறர் உழைப்பை அவர் ஒப்பின்றி எடுத்தல் அறமாகாது. 1720-இல் பிளாம்ஸ்டீடின் இடத்தில் ஹாலி அமர்ந்தபோது நிலையம் வெறுமையாயிருந்தது. மறைந்தவரின் மனைவியார் கருவிகளனைத்தையும் அகற்றியிருந்தார். அறுபத்து மூன்று வயதில், திங்களின் பதினெட்டாண்டுச் சுற்று முழுவதையும் நோக்கிக் குறிக்க அவர் தொடங்கியது கண்டு பிறர் வியந்தனர். அதனை முடித்தே 1742-இல், எண்பத்தைந்தாம் வயதில், உயிர் நீத்தார்.

1758-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று இரவு, சாக்சனி நாட்டு உழவர் பாலிட்ச் என்பார் அவ்வால்மீனை முதலிற் கண்டார். 1761-இல் வெள்ளியின் கடப்பைச் சென்னையில் ஹர்ஸ்ட் என்னும் குருவானவர் நோக்கினார். புதுச்சேரியில் நோக்கலாம் என ஹாலி எழுதியிருந்தார். அங்ஙனம் நோக்கப் புறப்பட்ட லெ ஜெந்தீல் என்னும் பிரெஞ்சு அறிஞர், போரின் காரணமாக அவ்வாண்டு கரையேற இயலாது, எட்டாண்டு காத்திருந்து, 1769-இல் புதுச்சேரியில் நின்றபோது மேகம் மறைத்துவிட்டது! எனினும் பிறர் கண்ட அளவைகளைத் தொகுத்து, 1771-இல் லலாந்து என்பார் ஞாயிற்றின் தொலைவை ஏறக்குறைய 15 கோடியே 30 இலட்சம் கிலோமீட்டர் எனக் கணித்தார். இன்று நாம் அறிந்த அளவு 14 கோடியே 96 இலட்சம் ஆகும்.

1986-இல் ஜியோட்டோ என்னும் விண்கலம் ஹாலியின் வால்மீனை 600 கிலோமீட்டர் அண்மையிற் சென்று கண்டது. 2013-இல் ஏவப்பெற்ற ஸ்வார்ம் என்னும் துணைக்கோள்கள் மூன்று பூமியின் காந்த நிலையை விண்ணிலிருந்து அளக்கப் புகுந்தன. ஆர்கோ எனப்படும் மிதவைகள் ஏறக்குறைய நாலாயிரம், உலகக் கடல்களில் ஆழ்ந்தும் எழுந்தும் நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் அளந்து அனுப்புகின்றன. வருங்காலத்தார்க்கு அளந்து வைப்போம் என்ற ஹாலியின் வேண்டுகோள் இங்ஙனம் நிறைவேறி வருகின்றது.

மாணவ நண்பர்காள்! விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர் என்பது நம் ஆண்டவர் அறிந்து உரைத்த உண்மை. படைப்பை அளப்பதனாற் படைத்தோன் பெருமை குறைவதில்லை. ஐயுற்றோர் அஞ்சியது அளவையை அன்று, அதன் விடையையே. நாம் இன்று ஆய்வுக்கூடத்திலும் நூலகத்திலும் நேர்மையுடன் குறிக்கும் ஒரு சிறு குறிப்பும், நாம் அறியாத ஒருவர்க்கு நூறாண்டு கழித்து விளக்காகலாம். அவ்வால்மீன் மீண்டும் 2061-இல் வரும். அன்று அதனைக் காண்போர் நம் தலைமுறை எதனை அளந்து வைத்துச் சென்றது என வினவுவர். அவ்வினாவிற்கு விடையாக, இன்றே அளந்து குறித்து வைப்போமாக.