வெறுங்காலோடு செல்டிக் கிளப்புக்கு ஆடிய இந்தியர்... யார் இந்த முகமது சலீம்?

ஐரோப்பிய கால்பந்து கிளப் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவர் முகமது சலீம். 1936ல் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செல்டிக் கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் பூட்ஸ் இல்லாமல் ஆடினார். இரண்டே ஆட்டங்கள்தான். அதுக்கப்புறம் ஊருக்குத் திரும்பிவிட்டார். எப்படிப் போனார்? ஏன் திரும்பினார்? பார்க்கலாம்.

கல்கத்தாவின் பையன்

சலீம் பிறந்தது 1904ல், கல்கத்தாவில். அவருக்கு 7 வயசு இருக்கும்போது, 1911ல், மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2-1 என்ற கணக்கில் வீழ்த்தி ஐஎஃப்ஏ கேடயத்தை வென்றது. அந்த அணியில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடியவர்கள். ஆளும் வெள்ளைக்காரர்களை மைதானத்திலாவது ஜெயிக்க முடியும் என்று ஊரே நம்பிய நாள் அது. அந்த நம்பிக்கையில் வளர்ந்த தலைமுறைதான் சலீமுடையது.

அவர் வலது ஓரத்தில் ஆடும் விங்கர். 1934ல் அவர் ஆடிய முகமதன் ஸ்போர்ட்டிங், கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய கிளப் ஆனது. 1938 வரை தொடர்ந்து 5 வருஷம் அந்தக் கோப்பை வேறு யார் கைக்கும் போகவில்லை.

திடீரென்று காணாமல் போனவர்

1936ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் சில ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் அசத்தினார். அடுத்த ஆட்டத்துக்கு ஆளையே காணோம். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடும் அளவுக்குப் போனது விஷயம்.

அவரோ அதற்குள் கப்பல் ஏறியிருந்தார். பிரிட்டனிலிருந்து வந்திருந்த உறவினர் ஹஷீம், சலீமின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் திறமை ஐரோப்பாவில் இருக்க வேண்டியது என்று சொல்லி, கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். போய்ச் சேர்ந்த இடம் கிளாஸ்கோ.

செல்டிக் கதவு திறந்தது எப்படி?

செல்டிக் கிளப்பே புலம்பெயர்ந்தவர்களுக்காக உருவானதுதான். அயர்லாந்திலிருந்து பிழைப்பு தேடி வந்த ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்ட, 1887ல் பிரதர் வால்ஃப்ரிட் என்ற துறவி தொடங்கியது.

அதன் மேனேஜர் வில்லி மேலியிடம் ஹஷீம் நேராகப் போய், இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஆனால் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்றார். பூட்ஸ் போட்ட ஸ்காட்லாந்து வீரர்களுக்கு எதிராக வெறுங்காலா? மேலிக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சோதித்துப் பார்த்தார். சலீமின் பந்துக் கட்டுப்பாட்டைப் பார்த்ததும் அணியில் எடுத்துவிட்டார். ஒரு காலத்தில் செல்டிக்கின் நட்சத்திரமாக இருந்த ஜிம்மி மெக்மெனமி, சலீமின் காலுக்கு பேண்டேஜ் சுற்றிவிடும் புகைப்படம் இன்றும் உண்டு.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சலீம் ஆடியது செல்டிக்கின் முதன்மை அணியில் இல்லை, அலையன்ஸ் லீகில் ஆடிய ரிசர்வ் அணியில். ஹாமில்டன், கால்ஸ்டன் அணிகளுக்கு எதிராக இறங்கினார். ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டனை செல்டிக் 7-1 என்று நொறுக்கியது. அதில் 3 கோல்கள் சலீம் கொடுத்த பந்தில் வந்தவை. பெனால்டி அடிக்கச் சொன்னபோது, கூச்சப்பட்டு மறுத்துவிட்டார் மனுஷன். மறுநாள் ஸ்காட்லாந்து பத்திரிகை அவரை வித்தைக்காரர் என்று கொண்டாடியது.

ஏன் திரும்பினார்?

திறமைக் குறைவு இல்லை, கிளப்பும் விரட்டவில்லை. வீட்டு நினைப்பு, அவ்வளவுதான். சீசன் முழுக்க இருக்கச் சொல்லிக் கேட்டது செல்டிக். அவருக்காக ஒரு ஆட்டம் நடத்தி, வசூலில் 5 சதவீதம் தருவதாகவும் சொன்னது. அந்தப் பங்கை ஆட்டம் பார்க்க வரும் அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் சலீம். ஜெர்மனியிலிருந்து வந்த அழைப்பையும் ஏற்காமல் கல்கத்தாவுக்கே வந்து, மறுபடி முகமதன் அணியில் சேர்ந்துகொண்டார்.

அவருக்குப் பிறகு?

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். அதிலும் இரண்டு பெனால்டி வீணானது. 1952ல் ஹெல்சிங்கி குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமானது. இங்கிலாந்தின் பரி கிளப்பில் பைச்சுங் பூட்டியா சேர்ந்தது 1999ல், அதாவது சலீம் திரும்பி வந்து 63 வருஷம் கழித்து.

சலீம் முதுமையில் நோய்வாய்ப்பட்டிருந்தபோது, சிகிச்சைக்குப் பணம் தேவை என்று செல்டிக்குக் கடிதம் எழுதினார் அவரது மகன். உண்மையில் பணம் நோக்கமில்லை. அப்பாவை அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். பதிலோடு 100 பவுண்டு டிராஃப்ட் வந்தது. சலீம் 1980ல் காலமானார். அந்த டிராஃப்டைக் குடும்பம் கடைசிவரை பணமாக மாற்றவே இல்லை.