மூன்று வாரம் தங்கிய ஓவியர்

ஜப்பானின் கனசாவா நகரைத் தாண்டி மலைப்பக்கம் சென்றால் யுவாக்கு என்ற சிறிய வெந்நீரூற்று ஊர் வரும். அங்கே 2000ஆம் ஆண்டு ஒரு சிறிய கலை அரும்பொருளகம் திறக்கப்பட்டது. அது ஓவியர் தக்கேஹிசா யுமேஜியின் நினைவாக அமைந்தது. அவர் அவ்வூரில் பிறந்தவர் அல்லர். 1917ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் மட்டுமே அங்குத் தங்கினார்.

யுமேஜி 1884ஆம் ஆண்டு ஒக்காயாமா வட்டாரத்தில், அரிசி மது தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் மொஜிரோ. பதின்ம வயதில் தோக்கியோ சென்று வசேடா வணிகப் பள்ளியில் சேர்ந்தாலும் படிப்பை முடிக்கவில்லை. ஓவியக் கல்லூரியிலும் பயின்றதில்லை. இதழ்களுக்குச் சிறு படங்கள் வரைந்து அனுப்பினார். கனவைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்து யுமேஜி என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1909இல் அந்தப் படங்களைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் அமோகமாக விற்றது. பெரிய கண்களும் மெல்லிய உடலும் சோகம் கலந்த முகமும் கொண்ட அவரது பெண் உருவங்கள் நாடெங்கும் பரவின. அவற்றுக்கு முதல் முன்மாதிரி அவரது மனைவி டமாக்கி.

பெரிய ஓவியர் சங்கங்களின் வழியில் யுமேஜி செல்லவில்லை. 1914இல் தோக்கியோவில் மினாட்டோயா என்ற கடையைத் திறந்தார். டமாக்கி அதை நடத்தினார். யுமேஜி வடிவமைத்த கடிதத்தாள், உறை, அச்சுப்படம், கிமோனோ கழுத்துப்பட்டை, குடை முதலியவை அங்கு விற்கப்பட்டன. ஓவியம் வாங்க வசதியில்லாதவர்களும் அவர் கைவண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. 200க்கும் மேற்பட்ட இசைத்தாள்களுக்கு அவர் அட்டைப்படம் வரைந்திருக்கிறார்.

படங்களில் இருந்த மென்மை அவரது வாழ்க்கையில் எப்போதும் இருக்கவில்லை. டமாக்கியுடன் 1909இலேயே மணமுறிவு ஏற்பட்டும் இருவரும் சேர்வதும் பிரிவதுமாக இருந்தனர். 1915இல் பொறாமை முற்றி அவரைக் கத்தியால் காயப்படுத்தினார் யுமேஜி. அவரது வரலாற்றில் இதை மறைத்துவிட முடியாது.

மினாட்டோயாவுக்கு வந்துபோன ஓவிய மாணவி ஹிக்கோனோமீது பிறகு அவர் காதல் கொண்டார். ஹிக்கோனோவின் தந்தை கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்புக்கு நடுவே இருவரும் யுமேஜியின் மகனுடன் யுவாக்குவில் தங்கிய நாள்கள்தான் அந்த மூன்று வாரம். அடுத்த ஆண்டே ஹிக்கோனோ காசநோயில் விழுந்தார். தந்தை இருவரையும் பிரித்தார். 1920இல், 23 வயதில் ஹிக்கோனோ இறந்தார். அந்த ஊர் காத்துவைத்திருப்பது அவர்கள் நிம்மதியாக இருந்த சில நாள்களின் நினைவை.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி பெரும் நிலநடுக்கம் தோக்கியோவை அழித்தது. யுமேஜி தொடங்கவிருந்த வடிவமைப்பு நிறுவனமும் அத்தோடு போயிற்று. அவர் எரிந்த தெருக்களில் நடந்து, கண்டதை வரைந்து, ஒரு நாளிதழில் 21 பகுதிகளாக வெளியிட்டார். அப்போது பொய் வதந்திகளை நம்பிய கும்பல்கள் கொரியர்களைக் கொன்றுகொண்டிருந்தன. சிறுவர்களும் அதையே விளையாட்டாக்கி, தங்களில் ஒருவனை எதிரியாக்கித் தடிகளோடு துரத்தினர். யுமேஜி அந்தக் காட்சியையும் வரைந்து, அந்த விளையாட்டு வேண்டாம் என்று எழுதினார். அழகான பெண்களை வரைபவர் என்று மட்டும் அறியப்பட்டவர், பலர் பேசத் தயங்கிய நேரத்தில் பேசினார்.

1931இல் அமெரிக்காவுக்கும் பின்னர் ஐரோப்பாவுக்கும் சென்றார். 1933இல் பெர்லினில் ஜப்பானிய ஓவியம் கற்பித்தார். நோயுடன் நாடு திரும்பியவர், 1934 செப்டம்பர் 1ஆம் தேதி, 50 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில், காசநோய் மருத்துவமனையில் காலமானார்.

சுவரொட்டி, பொட்டலம், புத்தக அட்டை ஆகியவற்றை வடிவமைக்கப் படிக்கும் மாணவர்களிடம் இதெல்லாம் கலையா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. யுமேஜி வரைந்த உறைகளும் இசைத்தாள்களும் பயன்படுத்திவிட்டு எறிவதற்காகச் செய்யப்பட்டவை. எறிய மனம் வராமல் பலர் வைத்துக்கொண்டதால்தான் அவை நூறு ஆண்டு கடந்தும் நமக்குக் காணக் கிடைக்கின்றன.