ஹன்னா மோர் அம்மையாரின் ஞாயிறு பாடசாலைகள்

ஞாயிறு பாடசாலை என்றதும் 1780இல் குளோஸ்டர் நகரில் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பித்த றொபேட் ரெயிக்ஸின் பெயரையே எல்லோரும் சொல்வார்கள். அது நியாயமானதே. ஆனால் வேதாகமத்தில் எந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குத் தெரிந்தெடுப்பது, எந்த ஒழுங்கில் படிப்பிப்பது, அவர்கள் சோர்ந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் சிந்தித்து எழுதி வைத்தவர்களுள் முன்னணியில் நிற்பவர் ஒரு பெண்பாடசாலை ஆசிரியை. அவர்தான் ஹன்னா மோர். இன்றும் ஞாயிறு காலையில் படமும் பாடமும் கையுமாக ஆலயத்துக்கு ஓடும் எமது பழைய மாணவியர் பலருக்கு இவரை அறிமுகம் செய்வது பயனுடையது.

ஹன்னா 1745 பெப்ரவரி 2ஆம் திகதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகில் பிறந்தார். சகோதரிகள் ஐவரில் நான்காமவர். தந்தை ஜேக்கப் மோர் ஒரு பாடசாலை ஆசிரியர். அவர் மகளுக்கு இலத்தீனும் கணிதமும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாராம். கணிதத்தில் பிள்ளை காட்டிய வேகத்தைக் கண்டு பயந்து அதை இடையில் நிறுத்திவிட்டாராம். பெண் பிள்ளைக்கு இவ்வளவு கெட்டித்தனம் ஆகாது என்பது அக்காலத்து எண்ணம். எங்கள் பாட்டிமாரின் காலத்திலும் இதே பேச்சு யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்ததுதானே.

1758இல் மூத்த சகோதரிகள் பிரிஸ்டலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தனர். ஹன்னா அங்கே முதலில் மாணவி, பின்னர் ஆசிரியை. அயலில் வாழ்ந்த வில்லியம் டேர்னர் என்ற செல்வந்தருக்கு அவரை நிச்சயித்தார்கள். அந்த மனிதர் ஆறு வருடங்களாகக் கல்யாண நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டார். ஈற்றில் உறவு முறிந்தது. ஈடாக ஆண்டுக்கு 200 பவுண் கிடைக்க ஏற்பாடாயிற்று. அந்தப் பணம் அவரை யாருக்கும் கைகட்டி நிற்காத எழுத்தாளராக்கியது. லண்டன் சென்றார், நடிகர் கேரிக், அறிஞர் சாமுவேல் ஜோன்சன் ஆகியோரின் நட்பைப் பெற்றார். 1777இல் அவருடைய 'பேர்சி' என்ற நாடகம் மேடையேறிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் 1779இல் கேரிக் இறந்தபின் நாடக உலகில் அவருக்கு நாட்டம் குறைந்தது. 1788இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு நீண்ட கவிதை எழுதினார்.

1789 ஓகஸ்ட் மாதம் அடிமை ஒழிப்புப் போராளி வில்பர்போர்ஸ், ஹன்னாவும் தங்கை மார்த்தாவும் வாழ்ந்த நாட்டுப்புற வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். பக்கத்தில் உள்ள செடார் மலைக்கணவாயின் அழகைப் பார்த்துவரச் சகோதரிகள் அவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் சாப்பிடவும் மனமில்லாமல் அறைக்குள் போய்விட்டார். அவர் கண்டது மலையின் அழகையல்ல, அங்கிருந்த மக்களின் வறுமையையும் கைவிடப்பட்ட நிலையையும்தான். செலவைத் தான் பொறுப்பதாகவும் உழைப்பைச் சகோதரிகள் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்தப் பங்கு முழுவதிலும் அவர்கள் கண்ட வேதாகமம் ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு பூச்சட்டிக்கு முட்டுக் கொடுக்க வைக்கப்பட்டிருந்தது. சமயம் வந்தால் விவசாயம் கெட்டுவிடும் என்று ஒரு பணக்கார விவசாயி மறித்தார். பிள்ளைகளை அனுப்பக் காசு கேட்ட பெற்றோரும் இருந்தனர். ஏழு வருடம் படித்தால் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தவர்களும் இருந்தனர். அப்படியிருந்தும் ஒரு மாட்டுத் தொழுவத்தைத் திருத்தி, ஒக்டோபரில் செடார் பாடசாலையைத் திறந்தார்கள். அங்கிருந்து மெண்டிப் மலைக் கிராமங்கள் பலவற்றுக்கும் வேலை பரவியது. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஷிப்பம் போன்ற ஊர்களுக்குள் போகக் காவலரே அஞ்சினார்கள். சகோதரிகள் இருவரும் ஞாயிறுதோறும் கரடுமுரடான பாதைகளில் பல மைல் பயணம் செய்து பாடசாலைகளைச் சுற்றிப் பார்த்தனர்.

இனி அவருடைய பாடத்திட்டத்துக்கு வருவோம். பட்டியல் சிறியது. கேள்வி பதிலாக அச்சிட்ட சிறு ஏடுகள், சின்னச் சின்னக் கேள்விகளாக உடைக்கப்பட்ட ஞானோபதேசம், எழுத்துக்கூட்டும் புத்தகம், சங்கீதம், பொது வழிபாட்டுப் புத்தகம், புதிய ஏற்பாடு, பின்பு முழு வேதாகமம். சின்னஞ்சிறுசுகளுக்கு ஐசக் வாட்சின் பாட்டுகள். அந்தந்த வாரத்துக்குரிய சபை மன்றாட்டை எல்லோரும் பாடமாக்கவேண்டும். மனனம் செய்வதற்குக் கண்டபடி அதிகாரங்களைக் கொடுக்கவில்லை. வாக்குத்தத்தங்கள், தீர்க்கதரிசனங்கள், உவமைகள், மலைப்பிரசங்கம் என்று அடித்தளமான பகுதிகளையே தெரிந்தெடுத்தார். அதிகாரம் ஒன்றைப் பாடமாக்கினால் ஒரு பென்னி. நாலு ஞாயிறு தவறாமல் வந்தால் ஒரு பென்னி. ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒருமுறை இஞ்சிக் கேக். வருட முடிவில் திறமைக்கேற்பப் பரிசு: முதல் தரத்தாருக்கு வேதாகமம், அடுத்தவர்களுக்கு வழிபாட்டுப் புத்தகம், மற்றவர்களுக்குச் சிறு பிரசுரங்கள். கோடையில் மலைமேல் எல்லாப் பாடசாலைகளுக்கும் சேர்த்து இறைச்சியும் புடிங்கும் உள்ள விருந்து. காசு கொடுத்து வசனம் படிப்பிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வயல் வேலைக்குப் போனால் அந்தப் பிள்ளைக்குக் கூலி கிடைக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பயமுறுத்திப் படிப்பிக்கும் முறையை அவர் ஒருபோதும் கையாளவில்லை. அன்பினால் அதைவிட நல்ல பலன் வருவதைக் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பிரம்பு இல்லாத வகுப்பையே நினைக்க முடியாத காலம் அது.

இவ்வளவு அக்கறையாகத் திட்டமிட்டவர் அந்தத் திட்டத்தில் ஒன்றை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிப்பிப்பதில்லை என்பது அவருடைய உறுதியான விதி. வாசிக்கலாம், எழுதலாகாது. வார நாட்களில் வீட்டு வேலைக்குத் தகுதியாக்கும் தையல் போன்ற கைவேலைகள் மட்டும் போதும் என்றார். பிரான்சியப் புரட்சி நடந்த காலம். ஏழைகளின் கையில் எழுதுகோல் போனால் சமுதாய ஒழுங்கு குலையும் என்று மேல்வகுப்பார் நடுங்கினார்கள். ஹன்னாவும் அவர்களுள் ஒருவரே. எழுதியே வாழ்ந்த ஒரு பெண், கணிதம் இடையில் மறிக்கப்பட்டதை அனுபவித்த ஒரு பெண், மற்றப் பிள்ளைகளுக்கு அதே மறியலைப் போட்டார். இதை அவருடைய காலத்தின் குற்றம் என்று மட்டும் சொல்லித் தப்பமுடியாது. ரெயிக்ஸின் காலத்திலேயே எழுத்தும் கற்பித்த ஞாயிறு பாடசாலைகள் இங்கிலாந்தில் இருந்தன.

இந்த மட்டான திட்டங்கூட ஆபத்தானது என்று சொன்னவர்களும் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. பிளாக்டன் என்ற ஊரில், முன்பு அவரை வரும்படி கேட்டுக்கொண்ட உதவிக் குருவே பின்னர் எதிரியானார். அங்கிருந்த ஆசிரியர் சபைக்குப் புறம்பான முறையில் மாலைக் கூட்டங்கள் நடத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. 1800 முதல் 1803 வரை இது பற்றிப் பிரசுரங்கள் மாறி மாறி வெளிவந்தன. ஹன்னாவை மெதடிஸ்தார் என்றும் புரட்சிக்காரி என்றும் தூற்றினார்கள். பிளாக்டன் பாடசாலை மூடப்பட்டது. அவர் நோயில் விழுந்தார். பாத், வெல்ஸ் பேராயருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில்தான், மேலே சொன்ன பாடத்திட்டத்தின் பெரும் பகுதி வரிக்கு வரி இருக்கிறது. எழுத்துக் கற்பிப்பதில்லை என்பதையும் அதில் தமக்குச் சார்பான சாட்சியாகவே எடுத்துக்காட்டுகிறார்.

சகோதரிகள் நால்வரும் 1813க்கும் 1819க்கும் இடையில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். மெண்டிப் மலைப் பாதைகளில் கூடவே வந்த மார்த்தாதான் கடைசி. அதன்பின் பதினான்கு வருடங்கள் ஹன்னா தனியே வாழ்ந்தார்.

அவருடைய எழுத்து எங்கள் நாட்டையும் தொட்டது. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், 1816 ஓகஸ்ட் 12க்குப் பின் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று இங்குள்ள எசமானர் பலர் உடன்பட்டனர். அதைக் கொண்டாடி ஹன்னா எழுதிய 'சுதந்திர விருந்து' என்ற சிறு இசைநாடகம், சாள்ஸ் வெஸ்லி அமைத்த இசையோடு 1827இல் லண்டனில் வெளிவந்தது. உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கி அப்போது மூன்று வருடம்.

பிரித்தானியப் பேரரசில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833 ஓகஸ்ட் 28இல் நிறைவேறியது. பத்து நாள் கழித்து, செப்டெம்பர் 7ஆம் திகதி, ஹன்னா மோர் தமது எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். ரிங்டன் ஆலயத்து மயானத்தில் சகோதரிகளோடு அடக்கம் செய்யப்பட்டார். அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தவில்லை. இங்கே அடிமைத்தனம் சட்டப்படி முற்றாக ஒழிய 1844 ஆயிற்று.