தலைசுற்றலை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கியவர்

சின்ன வயசுல தட்டாமாலை சுத்தாதவங்க யாராவது இருக்கீங்களா? கையை விரிச்சு கிறுகிறுன்னு சுத்திட்டு சட்டுன்னு நின்னா என்ன ஆகும்? நாம நின்னுட்டோம், ஆனா மைதானம் நிக்காது. கொடிக்கம்பம், மரம், பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாம் சேர்ந்து சுத்தும். சில பேர் தொப்புன்னு விழுவாங்க. நாம சிரிச்சுட்டுப் போயிடுவோம்.

இந்தத் தலைசுற்றலையே விடாமல் ஆராய்ந்து ஒருவர் நோபல் பரிசு வாங்கினார். பரிசுச் செய்தி வந்தபோது அவர் எங்கே இருந்தார் தெரியுமா? எதிரி நாட்டுச் சிறை முகாமில். அவர் பெயர் ராபர்ட் பாரானி.

1876 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஒரு பண்ணையை நிர்வகித்து வந்தார். சிறுவனாக இருந்தபோது ராபர்ட்டுக்கு எலும்பில் காசநோய் வந்தது. அப்போது அதற்கு மருந்து கிடையாது. உயிர் பிழைத்தார், ஆனால் ஒரு முழங்கால் விறைத்துப்போய் கடைசிவரை சரியாகவில்லை. அந்தக் காலோடுதான் டென்னிஸ் விளையாடினார், மலை ஏறினார். வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க் வேறு! இந்த நோய்தான் அவரை மருத்துவப் படிப்பின் பக்கம் திருப்பியிருக்கலாம். விறைத்த காலோடு நடக்கிற பையனுக்கு, விழாமல் நிற்பது எப்படி என்ற யோசனை அப்போதே வந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றும். அது என் கற்பனைதான்.

1900-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கொஞ்ச காலம் ஜெர்மனியில் பயிற்சி. பிறகு வியன்னா திரும்பி, 1903-இல் புகழ்பெற்ற காது மருத்துவர் ஆடம் பொலிட்சரின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

காது கேட்பதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம் இல்லையா? உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருப்பதை அறிவியல் புத்தகப் படத்தில் பார்த்திருப்பீங்க. அவற்றில் ஒரு திரவம் இருக்கிறது. நாம் தலையைத் திருப்பினால் அந்தத் திரவம் கொஞ்சம் பின்தங்கி, அங்குள்ள மெல்லிய உணர்வு மயிர்களை வளைக்கும். உடனே மூளைக்குத் தகவல் போகும். சுத்திட்டு நின்ற பிறகு என்ன நடக்கிறது என்றால், நாம் நின்றாலும் உள்ளே திரவம் நிற்பதில்லை, அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூளை ஏமாந்துபோகும். தட்டாமாலை ரகசியம் அவ்வளவுதான்.

இந்தக் குழல்களை வெட்டினால் புறாக்கள் நிலைதடுமாறுகின்றன என்று பிரெஞ்சு அறிஞர் ஃப்ளூரன்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே காட்டிவிட்டார். ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு நோயாளியின் எந்தக் காதில் இந்த உறுப்பு வேலை செய்கிறது, எதில் கெட்டுப்போச்சு என்று கண்டுபிடிக்க டாக்டர்களிடம் நல்ல வழி எதுவும் இல்லை. அதுவும் ஆண்டிபயாடிக் இல்லாத காலம். காதில் பிடித்த சீழ் உள்காதுக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் பரவினால் உயிரே போகும். அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

பாரானியின் தினசரி வேலைகளில் ஒன்று, நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவது. கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றும். கண்ணைப் பார்த்தால் விழிகள் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும். அவரும் குறித்து வைத்துக்கொண்டார், காரணம்தான் புரியவில்லை. ஒருநாள் ஒரு நோயாளி, தண்ணீர் போதுமான சூடு இல்லாதபோதுதான் தனக்குத் தலை சுற்றுகிறது, வீட்டில் நல்ல வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் ஒன்றும் ஆவதில்லை என்றார். வேறு டாக்டராக இருந்தால் சும்மா இருங்க என்று சொல்லியிருப்பார். பாரானி நர்ஸை அழைத்து இன்னும் சூடாகத் தரச் சொன்னார். தண்ணீர் சூடாகத்தான் இருக்கிறது என்றார் நர்ஸ். நோயாளி கேட்கிறபடி கொடுங்கள் என்று விட்டார் பாரானி. அடுத்த முறை நர்ஸ் நன்றாகவே சூடாக்கிக் கொண்டுவந்துவிட்டார்! நோயாளி சுடுகிறது என்று அலறினார், இப்போதும் தலை சுற்றுகிறது என்றார். பாரானி அவசரமாகக் கண்ணைப் பார்த்தார். விழிகள் இழுத்தன, ஆனால் இந்த முறை எதிர்ப்பக்கம்!

சூடுதான் விஷயம் என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது. ஆனால் சூட்டுக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்? அப்போது அவருக்கு, சிறுவயதில் வீட்டுக் குளியலறையில் இருந்த வெந்நீர் பாய்லர் நினைவுக்கு வந்தது. அதைத் தொட்டுப் பார்த்து அசந்துபோயிருக்கிறார். நெருப்புக்குப் பக்கத்தில் அடிப்பாகம் குளிர்ந்திருக்கும், மேல்பாகம் கொதிக்கும். சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். நாம் இயற்பியலில் படித்த வெப்பச்சலனம்தான். காதுக்குள் உடலின் சூடு 37 டிகிரி செல்சியஸ். வெளியே குளிர்ந்த நீர் பட்டால், குழலில் அந்தப் பக்கத் திரவம் குளிர்ந்து கீழே இறங்கும். வெந்நீர் பட்டால் மேலே ஏறும். அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் மூளையோ தலை சுற்றுகிறது என்று நம்பிவிடும்.

இது சரி என்றால், தலையைக் கவிழ்த்துவிட்டால் திரவம் எதிர்த்திசையில் ஓட வேண்டும், கண்ணும் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். செய்து பார்த்தார். அப்படியே நடந்தது. 1906-இல் இதை வெளியிட்டார். அதன் பிறகு ஒரு சிரிஞ்சும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும், ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கலாம். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் காதில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதீங்க. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து.)

பாரானி அதோடு நிற்கவில்லை. சுழலும் நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து 20 விநாடியில் 10 சுற்று சுற்றிவிட்டு, கண்கள் எவ்வளவு நேரம் இழுக்கின்றன என்று அளந்தார். தலை சுற்றும்போது ஆள் எந்தப் பக்கம் சாய்கிறார் என்றும், தலையைத் திருப்பி வைத்தால் விழுகிற திசையும் மாறுவதையும் கவனித்தார். நாம் நிமிர்ந்து நிற்பதற்கு உள்காது மட்டும் போதாது. கண் வேண்டும், காலின் தசையும் மூட்டும் அனுப்பும் தகவல் வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கச் சிறுமூளை வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்க. பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. முழங்காலைக் காட்டி வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவரோ தானாகவே முன்வந்து ராணுவ மருத்துவராகப் போனார். இன்று போலந்தில் இருக்கும் பிஷெமிஷ்ல் கோட்டையில் வேலை. தலையில் குண்டு பட்ட வீரர்களுக்குப் புதிய முறையில் அறுவை சிகிச்சை செய்தார். ரஷ்யப் படை கோட்டையைச் சுற்றி வளைத்தது. 1915 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது, பாரானி கைதியானார். மத்திய ஆசியாவில் மெர்வ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். இப்போது அது துர்க்மெனிஸ்தானில் இருக்கிறது. அங்கே மலேரியா வேறு வந்துவிட்டது.

அந்த முகாமில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. தள்ளிவைக்கப்பட்டிருந்த 1914-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கு! ஆனால் கைதி எப்படிப் போய் வாங்குவது? ஸ்வீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் ரஷ்யாவிடம் பேசினார். 1916-இல் பாரானி விடுதலையானார். ஸ்டாக்ஹோமுக்குப் போய் மன்னரிடம் பரிசு பெற்றார்.

சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள். ஆனால் வியன்னா திரும்பியவருக்கு மாலை மரியாதை எதுவும் இல்லை. மற்றவர்கள் முன்பே கண்டுபிடித்தவற்றைத் தன் கட்டுரைகளில் சரியாகக் குறிப்பிடவில்லை என்று கூட வேலை செய்த மருத்துவர்களே குற்றம் சாட்டினார்கள். ஃப்ளூரன்ஸ் போன்றவர்கள் போட்ட பாதை இருந்தது உண்மைதான். ஆனாலும் சிறையிலிருந்து வந்த மனிதரை இப்படியா வரவேற்பது? 1917-இல் சொந்த ஊரை விட்டு ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அங்கும் சும்மா இருக்கவில்லை. படுக்கும்போதும் தலையைத் திருப்பும்போதும் மட்டும் சில விநாடி உலகமே சுற்றுகிற ஒரு வகைத் தலைசுற்றலை 1921-இல் விவரித்து எழுதினார். நம்ம வீட்டுப் பாட்டி தாத்தாக்களில் சிலருக்கு வருவது பெரும்பாலும் இந்த வகைதான்.

1936 ஏப்ரல் 8-ஆம் தேதி உப்சாலாவில் காலமானார். அறுபது வயது நிறைய இரண்டே வாரம் இருந்தது. அவருடைய மகன்கள் இருவரும் பின்னாளில் மருத்துவப் பேராசிரியர்கள் ஆனார்கள்.

இன்னொரு செய்தி பாக்கி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1983-இல் கொலம்பியா விண்கலத்தில் ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடம் போனது. அங்கே எடை தெரியாது. சூடானது ஏறாது, குளிர்ந்தது இறங்காது. அதாவது வெப்பச்சலனமே நடக்காது. பாரானி சொன்ன காரணம் மட்டும்தான் என்றால், அங்கே காதைச் சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் கண் அசையக் கூடாது. விண்வெளி வீரர்களுக்குச் செய்து பார்த்தார்கள். கண் இழுத்தது! பாய்லர் விளக்கம் தப்பில்லை, ஆனால் அது முழுக் கதை இல்லை என்று தெரிந்தது. சூட்டில் திரவம் விரிவதும், சூடு நரம்பை நேராகத் தொடுவதும் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள்.

விளக்கத்தில் திருத்தம் வந்தாலும் சோதனை மாறவில்லை. தலைசுற்றலோடு காது டாக்டரிடம் போகிறவர்களைப் படுக்க வைத்து, இன்றும் 30 டிகிரி, 44 டிகிரித் தண்ணீரைக் காதில் விட்டுக் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். சுழலும் நாற்காலி விமானிகளின் பயிற்சிக்குப் போய்விட்டது. மேகத்துக்குள் பறக்கும்போது காது சொல்வதை நம்பாமல் கருவியை நம்பவேண்டும் என்று காட்டுவதற்காக, அவர்கள் கண்ணைக் கட்டி அதில் உட்காரவைத்துச் சுற்றுகிறார்கள். அந்த நாற்காலிக்கு அங்கே பாரானி நாற்காலி என்றுதான் பெயர்.