காவலரின் வீட்டில் பதுங்கும் பகை

பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்கு, அறிவியலாளர் வரலாறுகளுள் நெஞ்சைவிட்டு அகலாதது இலியா மெச்னிகோவின் வாழ்க்கை. 1845-இல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் அருகே பிறந்தவர் அவர். 1869-இல் அவர் லுத்மிலாவை மணந்தபோது, நோயால் நலிந்திருந்த மணமகளை நாற்காலியில் அமர்த்தியே தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். 1873-இல் காசநோய் லுத்மிலாவின் உயிரைப் பறித்தது. துயரம் தாளாமல் தற்கொலைக்கு முயன்ற மெச்னிகோவ் உயிர் பிழைத்தார்.

1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளவுயிரில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் முள்ளைச் சூழ்ந்து உயிரணுக்கள் திரண்டிருந்தன. கிருமிகளை விழுங்கும் உயிரணுக்களே உடலின் காவலர்கள் என்ற கொள்கை அங்கே பிறந்தது. பலர் அதை ஏற்க மறுத்தனர். 1888 முதல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் உழைத்த அவர், 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார், 1916-இல் மறைந்தார்.

அதே 1882-இல்தான் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் காக் அறிவித்தார். தன்னை விழுங்கிய உயிரணுவுக்குள்ளேயே செரிக்கப்படாமல் தப்பிப் பெருக வல்லது அக்கிருமி என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின. மருந்தை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருப்பதற்கு இப்பதுங்கலும் ஒரு காரணம்.

உலகிலேயே காசநோயாளிகள் மிகுதியாக உள்ள நாடு இந்தியா. இருமல் தணிந்ததும் கூலி வேலைக்குத் திரும்பும் தொழிலாளி மருந்தை இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி மீண்டும் தலைதூக்கும். ஆகவே, மருந்தோடு அம்மாதங்களுக்கான உணவுக்கும் வருமானத்துக்கும் வழிசெய்வதே முழுமையான சிகிச்சை. அதனைச் சலுகை என்று கணக்கிடுவது பொருளாதாரமன்று.